எல்லா டெஸ்ட்டும் நார்மல், கண் மட்டும் சிவப்பு

காங்கயத்திலிருந்து ஒரு கேள்வி, பிப்ரவரி 11

வீட்டுக்காரருக்கு வலது கண் திரும்பத் திரும்பச் சிவக்குதுங்க. வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீர் கொட்டுகிறது. சொட்டு மருந்து விட்டால் போகிறது, நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடி வருகிறது. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். டாக்டர் "யுவைட்டிஸ், காரணம் தெரியவில்லை" என்கிறார். காரணமே தெரியாமல் எதற்கு மருந்து கொடுக்கிறார்கள்? டாக்டரை மாற்ற வேண்டுமா? வயது 36, லாரி ஓட்டுகிறார்.

பிப்ரவரி 11, இரவு

ஏமாற்றவில்லை. எனக்கும் இதே கதைதான், இடது கண், பல வருடமாக. பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறேன், டாக்டர் இல்லை.

யுவைட்டிஸ் என்றால் கண்ணுக்குள் வரும் அழற்சி. அது வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை காரணம் பிடிபடுவதே இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான், நம்ம ஊர் டாக்டர்களின் குறை இல்லை. தறியில் இழை அறுந்தால் முதலில் தறியை நிறுத்துவோம், ஏன் அறுந்தது என்பது அப்புறம். அழற்சியும் அப்படித்தான். அதை ஓடவிட்டுக்கொண்டு காரணம் தேடினால், தேடி முடிக்கும்போது பார்வை போயிருக்கும்.

ஒன்று கேட்கிறேன். "எல்லா டெஸ்ட்டும்" என்றால் என்னென்ன? ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெயர் பெயராக எழுதுங்கள்.

பிப்ரவரி 12

காங்கயம் சகோதரி எழுதியிருக்கிறார்: சுகர், பிரஷர், ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், நெஞ்சு எக்ஸ்ரே. அவ்வளவுதான்.

அப்படியென்றால் எல்லாம் எடுக்கவில்லை. எனக்கு எடுத்ததைச் சொல்கிறேன், டாக்டரிடம் இது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்: கையில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்க்கும் மாண்டூ, அல்லது ரத்தத்திலேயே பார்க்கும் குவான்டிஃபெரான் (இரண்டும் டிபிக்கு), சிபிலிஸுக்கு விடிஆர்எல், டிபிஎச்ஏ, எச்எல்ஏ பி27 (முதுகு வாதத்தோடு வரும் யுவைட்டிஸில் அதிகம் காணும் மரபணுக் குறி), சார்காய்டுக்கு (நுரையீரல் போன்ற இடங்களில் அழற்சிக் கட்டி வரும் நோய்) ரத்தத்தில் ஏசிஇ அளவும் நெஞ்சு சிடி ஸ்கேனும். சிபிலிஸ் டெஸ்ட் எழுதினால் வீட்டில் சண்டை வேண்டாம். அந்த நோய் கண்ணில் எந்த வேஷத்தில் வேண்டுமானாலும் வரும், மருந்து கொடுத்தால் முழுசாகக் குணமாகும், அதனால் யுவைட்டிஸ் வந்த யாருக்குமே பார்ப்பார்கள். என் பேப்பரில் அதைப் பார்த்த லேப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தது தனிக் கதை.

பி27 முக்கியம். 36 வயது, ஆண், ஒரே கண்ணில் விட்டு விட்டு வருகிறது. அவருக்கு இடுப்பும் முதுகும் காலையில் எழும்போது விறைத்துக் கிடக்கிறதா? நடமாடினால் சரியாகி, ஓய்ந்து படுத்தால் கூடுகிறதா? கேட்டுச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

"லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்னங்க பண்ணும்" என்று பதில் வந்திருக்கிறது. நியாயம்தான். ஆனால் சீட்டில் உட்கார்ந்து வரும் வலி வேறு, பாதித் தூக்கத்தில் எழுப்பி, விடிந்தால் அரை மணி நேரம் குனிய விடாமல் பண்ணுகிற வலி வேறு. பின்னது 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் வாத நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு டாக்டரிடம் போனால் பெல்ட் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பிப்ரவரி 14

"இது மெட்ராஸ் ஐ-தானே, இதற்குப் போய் இவ்வளவு ஸ்கேனா" என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார்.

இல்லை. மெட்ராஸ் ஐயில் பூளை தள்ளும், உறுத்தும், அரிக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். யுவைட்டிஸில் பூளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், உள்ளே குடைகிற வலி, டியூப்லைட் கூடப் பகையாகிவிடும், பார்வை மங்கும். பக்கத்தில் படுத்தாலும் யாருக்கும் ஒட்டாது. வீட்டில் வைத்து முடிவு செய்ய இது போதாது, கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்தால்தான் தெரியும். சிவந்த கண்ணில் வலியும் மங்கலும் சேர்ந்தால் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு கேட்டு வாங்காதீர்கள், இதுதான் நான் சொல்வது. அந்தச் சிவப்பு கருவிழியின் ஹெர்பீஸ் புண்ணாக இருந்தால், கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைப் பரப்பிவிடும்.

பிப்ரவரி 15

மருந்து விடும் விதம் பற்றிப் பலர் கேட்டதால் இது.

பிரெட்னிசோலோன் அசிடேட் 1% என்று பாட்டிலில் இருந்தால் அது ஸ்டீராய்டு சொட்டு, அடியில் படியும் மருந்து. நன்றாகக் குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும், கடைசியில் பாட்டில் அடியில் மருந்தெல்லாம் மிச்சம். கண்ணுக்கு ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகிறது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கு ஓர மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி.

வலி கடுமையாக இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதுவார்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்: நாளுக்கு ஆறு, நான்கு, மூன்று என்று, பெரும்பாலும் வாரக்கணக்கில். சிவப்பு போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வெளியே சிவப்பு போகும், உள்ளே அழற்சியின் வெள்ளணுக்கள் (டாக்டர் "செல்" என்பார்) இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு நிறுத்தினால் திரும்புகிறது என்றீர்களே, இரண்டு சாத்தியம்: டாக்டர் எழுதிய அட்டவணை அவருக்குச் சீக்கிரம் முடிகிறது, அல்லது லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் சொட்டு விட மறக்கிறார். எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கார்டில் "செல் 2+" என்று கிறுக்கியிருப்பார்களே, அது ஒரு எண்ணிக்கை. 1 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் ஒளிக்கற்றைக்குள் மிதக்கும் வெள்ளணுக்களை எண்ணுகிறார்கள். 6 முதல் 15 வரை 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. 2005-ல் பல நாட்டு யுவைட்டிஸ் டாக்டர்கள் ஒத்துக்கொண்டு வெளியிட்ட கணக்கு. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் சிவப்பை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

பிப்ரவரி 15, பொழுதோட

விட்டுப்போனது: கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு, ஹோமாட்ரோபின் அல்லது அட்ரோபின். "அதை விட்டால் கிட்டத்தில் எதுவும் தெரிவதில்லை, அதனால் விடுவதில்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் பாவு நூலில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியாது, அந்த நாட்களில் தறி வேலை வீட்டுக்காரி தலையில்தான். ஆனால் அது இரண்டு வேலை செய்கிறது. உள்ளே சுருண்டு பிடிக்கும் தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். கருவிழித் திரை பின்னால் இருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். ஒட்டினால் பாப்பா வட்டமாக இருக்காது, கோணலாகிவிடும், முழுவதும் ஒட்டினால் கண்ணுக்குள் பிரஷர் ஏறும். ஹோமாட்ரோபின் ஓரிரு நாளில் இறங்கும், அட்ரோபின் ஒன்று இரண்டு வாரம் இழுக்கும். அந்தக் கண்ணோடு ராத்திரியில் தாராபுரம் ரோட்டில் லாரி ஓட்டக் கூடாது. இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 19

வந்த வைத்தியக் குறிப்புகளைத் தொகுத்தேன்: உடம்புச் சூடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதில்லை, செல்போன், தறிப் பஞ்சு, திருஷ்டி, வாஸ்து. என் அம்மிச்சி உயிரோடு இருந்தபோது "வெளக்கெண்ணெ வெய்யி சாமி, எல்லாஞ் சூடுதான்" என்பார். உச்சந்தலையில் வைத்தேன், தூக்கம் நன்றாக வந்தது. கண்ணுக்குள் விடச் சொன்னபோது மட்டும் கும்பிட்டுத் தப்பித்தேன். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு, எதுவுமே வேண்டாம். கண்ணின் மேல்தோலில் ஒரு கிருமியைக் கொண்டுபோய் விட்டால், இருக்கும் தொல்லையோடு புண்ணும் சேரும். மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதற்கு என் ஓட்டு உண்டு. எங்கள் வீட்டில் சாத்தியிருக்கிறோம், பக்க விளைவு எதுவும் இல்லை.

பஞ்சுத் தூசு பற்றி: தூசு கண்ணின் வெளிப்புறத்தை உறுத்தும், உள்ளே யுவைட்டிஸை உண்டாக்குவதாக எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. பீடி சிகரெட் வேறு. புகை பிடிப்பவர்களுக்கு யுவைட்டிஸ் அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

பிப்ரவரி 23

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் எழுதியது முக்கியமாகப் பட்டது. பட்டறையில் வேலை செய்யும் பையனுக்கு ஒரு கண்ணில் தீராத அழற்சி, டெஸ்ட் எல்லாம் நார்மல், கடைசியில் சிடி எடுத்தால் கண்ணுக்குள் இரும்புத் துகள். எப்போது தெறித்தது என்று அவனுக்கே நினைவில்லை.

உளி வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் துகள், ஊசி முனை அளவு ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடும், வலி அன்றைக்கே அடங்கிவிடும். மாதங்கள் கழித்து இரும்பு கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். ஃபவுண்டரி, லேத், கிரைண்டிங், போர்வெல் வேலை செய்தவர் யாராக இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ கூடவே கூடாது, காந்தம் அதை உள்ளேயே இழுத்துக் கிழித்துவிடும்.

அதே போல 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்து, ஸ்டீராய்டுக்குச் சரியாகக் கேட்காத "யுவைட்டிஸ்" சில சமயம் யுவைட்டிஸே இல்லை. ரத்தப் புற்று வகை ஒன்று அந்த வேஷம் போடும். பயமுறுத்த எழுதவில்லை. அபூர்வம். ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வந்தால் "வயசானா வர்றதுதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 2

மாண்டூ வீங்கினால் டிபியா? கேட்டது உடுமலைக்காரர்.

எனக்கும் வீங்கியது. 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பாசிட்டிவ் என்பார்கள். நம் நாட்டில் டிபி கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், பாதிப்பே இல்லாமல். அதனால் கை வீங்கியது, கண் சிவந்தது, இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்பதில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. ஒருவர் எனக்கு முழு டிபி கோர்ஸ் கொடுக்கலாம் என்றார், இன்னொருவர் சிடி பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கண்ணின் தோற்றம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்: விழித்திரையின் ரத்தக் குழாய் அழற்சி, பாம்பு ஊர்ந்ததுபோல் பரவும் தழும்பு, இதெல்லாம் இருந்தால் டிபி பக்கம் சாயும். எனக்கு முன்பக்கம் மட்டும்தான். நான் எடுக்கவில்லை. எடுக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அந்தக் கோர்ஸில் இருக்கும் எத்தாம்பியூட்டால் கண் நரம்பையே பாதிக்கக் கூடியது, நிறம் மங்கினால் உடனே சொல்ல வேண்டும். கண்ணுக்காக எடுக்கும் மருந்து கண்ணையே பதம் பார்க்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார்.

மார்ச் 9

கோபி பக்கத்துத் தாய் ஒருவர்: பையன் கோடையில் கீழ்பவானி வாய்க்காலிலேயே கிடக்கிறான், கண் சிவந்தால் பயமாக இருக்கிறது.

இரண்டு விஷயம். எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரிலும் நெல் வயல் சேற்றிலும் இருக்கும். காய்ச்சல் போய் வாரங்களோ மாதங்களோ கழித்துக் கண்ணில் யுவைட்டிஸாக வரும். 1993 கடைசியில் வெள்ளம் வந்தபின் 1994-ல் மதுரைப் பக்கம் கூட்டமாக வந்தது, மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. ஆகவே "சில மாதம் முன்பு கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் வலி" இருந்ததென்றால் கண் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, ஊர்க் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்குக் கண்ணின் முன் அறையில் வெள்ளைக் கட்டி. தட்டைப்புழு காரணம் என்று கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான். குளம் குட்டைகளைத்தான் அதில் சொல்கிறார்கள், ஓடும் வாய்க்காலை அல்ல. பையனை முழுக்கத் தடுக்க உங்களால் முடியாது என்று தெரியும்.

பிள்ளைகள் விஷயத்தில் சிவப்பை விடப் பெரிய ஆபத்து சிவக்காதது. மூட்டு வாதம் உள்ள குழந்தைகளுக்கு வலியும் சிவப்பும் இல்லாமலே உள்ளே அழற்சி ஓடும், பார்வை போன பிறகுதான் தெரியும். முழங்கால் வீங்கிய குழந்தை என்றால் கண் நன்றாகத் தெரிந்தாலும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை வேண்டும், பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

மார்ச் 28

காங்கயம்: பி27 நெகட்டிவ். சிபிலிஸ் நெகட்டிவ். குவான்டிஃபெரான் நெகட்டிவ். இடுப்பு எம்ஆர்ஐயிலும் ஒன்றும் இல்லை. "இப்ப நிஜமாவே எல்லா டெஸ்ட்டும் நார்மல்ங்க, சிரிக்கிறதா அழறதா" என்கிறார்.

முதலில் எழுதியபோது நான் கொஞ்சம் வேகமாகத் தேடச் சொன்னேனோ என்று இப்போது யோசிக்கிறேன். தேடியது வீண் இல்லை: மருந்தால் தீர்கிற சிபிலிஸும் டிபியும் இல்லை என்று தெரிவதால்தான் டாக்டர் தைரியமாக ஸ்டீராய்டைக் கூட்ட முடியும். ஆனால் இதற்கு மேல் ஒவ்வொரு சிவப்புக்கும் புதுப் பட்டியல் எடுத்துக்கொண்டு லேப் லேப்பாக ஏறாதீர்கள். நான் ஒரு காலத்தில் அப்படி அலைந்தேன். ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் யாராவது ஒரு டெஸ்ட் பெயர் சொன்னால் அடுத்த நாள் கோயமுத்தூர் பஸ். இப்போது எனக்கு ஒரு விதி: உடம்பில் புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி தேடுவது. வாயில் திரும்பத் திரும்பப் புண், தோலில் வெண்படை, காதில் இரைச்சல், நீண்ட இருமல், மூட்டு வீக்கம், கணக்கில்லாத எடைக் குறைவு. இவை இல்லையென்றால் தேடல் நிறுத்தம், சிகிச்சை தொடர்ச்சி.

"உடம்பு முழுக்கப் பார்த்தாச்சு, கண்ணில்தான் இருக்கிறது" என்பதும் ஒரு முடிவுதான்.

ஏப்ரல் 6

பிரஷர். யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு சொட்டு விட்டால் மூன்றில் ஒருவருக்குக் கண் பிரஷர் ஓரளவாவது ஏறும், சிலருக்கு மிக அதிகமாக. எந்த வலியும் காட்டாது. இயல்பு 10 முதல் 21 வரை. எனக்கு ஏறி, அதைக் குறைக்கும் டிமோலால் சொட்டு சேர்த்தார்கள். ஒருதடவை ஒரு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், பிரஷர் பார்க்காமலே "நல்லாருக்கு, போங்க" என்றார்கள். நாற்காலியை விட்டு எழவே இல்லை நான். மருந்து விடும் காலத்தில் பிரஷர் பார்க்காத செக்கப் செக்கப்பே அல்ல.

கண்புரையும் வரும், அழற்சியாலும் ஸ்டீராய்டாலும். அவசரப்பட்டு ஆபரேஷன் செய்யக் கூடாது, குறைந்தது மூன்று மாதமாவது கண் அமைதியாக இருக்க வேண்டும். செல் 1+ இருக்கும்போதே முகாமில் சேர்த்துக்கொண்டு ஆபரேஷன் செய்துவிட்டு அவதிப்பட்ட ஒருவரைத் தெரியும்.

ஏப்ரல் 7

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர்த் தேருக்குப் போனேன். "என்ன மாப்ள, தேர்தல்ல நிக்கறயா" என்றார்கள். பிள்ளைகள் செல்ஃபி வேறு.

மே 3

காங்கயத்துக்காரருக்கு மறுபடியும் வந்துவிட்டதாம். இந்த முறை டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை (உடம்பின் எதிர்ப்பை அடக்கி அழற்சியைக் குறைப்பது) பேசியிருக்கிறார். இணையத்தில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது என்று பதறுகிறார்.

அளவில்தான் வித்தியாசம். புற்றுநோய்க்குப் பல மடங்கு. கண்ணுக்கு வாரத்துக்கு 25 மில்லிகிராமுக்குள். கவனம், வாரத்துக்கு ஒரு நாள். தினமும் அல்ல. தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை படுத்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. நான் வியாழக்கிழமை என்று வைத்துக்கொண்டேன், காலண்டரில் வட்டம். ஃபோலிக் ஆசிட் தனியாக, டாக்டர் சொன்ன நாளில். கல்லீரல், ரத்த அணுக்கள் டெஸ்ட் தவறாமல். சாராயம் வேண்டாம், லாரிக்காரர் என்பதால் சொல்கிறேன். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். பெண்கள் கர்ப்ப காலத்தில் எடுக்கவே கூடாது.

இதுவும் மைக்கோஃபினோலேட் என்ற விலை கூடிய மருந்தும் நேருக்கு நேர் மோதிய ஆய்வு 2019-ல் வந்தது. மதுரையின் டாக்டர் இரத்தினம் முதல் ஆசிரியர், 216 பேர், பெரும்பாலோர் இந்திய நோயாளிகள். ஆறு மாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டில் 67 சதவீதம் பேருக்குக் கட்டுப்பட்டது, மற்றதில் 57. இடைவெளி புள்ளிவிவரப்படி உறுதியானது இல்லை. ஆனாலும் பழைய மருந்து, மலிவான மருந்து, சளைக்கவில்லை. வாரம் ஒருமுறை போடும் மாத்திரைக்குப் பயந்து ஸ்டீராய்டு மாத்திரையையே வருடக்கணக்கில் விழுங்கிச் சுகர் ஏற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மே 4

அவினாசிக்காரர் கேட்டது: அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி? 2016-ல் அமெரிக்காவில் யுவைட்டிஸுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. தூங்கும் டிபியை எழுப்பிவிடலாம், அதனால் முதலில் டிபி பார்த்தாக வேண்டும். எனக்கு அந்த அளவு போகவில்லை, அனுபவம் உள்ளவர் எழுதட்டும்.

ஜூன் 20

காங்கயம்: மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கி ஆறு வாரம், செல் 0.5+, குமட்டல் இருக்கிறது, "பலனே இல்லாத மாதிரி இருக்குங்க".

ஆறு வாரத்தில் தீர்ப்பு சொல்ல முடியாது, அது முழுசாக வேலை செய்ய மூன்று மாதம் பிடிக்கலாம். அதுவரைக்கும் சொட்டு ஓட வேண்டும். 0.5+ என்றால் 1 முதல் 5 செல், நல்ல எண்தான். குமட்டலுக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள், எனக்கு அது உதவியது. தாங்கவில்லை என்றால் ஊசியாகப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சொட்டை இப்போது நாளுக்கு இரண்டு என்றீர்கள். ஒன்றாகக் குறைக்கச் சொன்னால் குறைத்த இரண்டாவது வாரத்தில் ஒருமுறை ஸ்லிட் லேம்ப்பில் பார்த்துவிட்டு அப்புறம் லாங் ட்ரிப் அனுப்புங்கள், நாக்பூரில் போய்க் கண் சிவந்தால் அங்கே யாரைத் தேடுவது.